ஈசானி மூலைக்குத் தாழ்ந்த வண்டி

ஸ்க்ரூ பிடிக்கவில்லை. திரைச்சீலைக் கம்பியைத் தாங்க ஒரு கொக்கி, கொக்கிக்கு இரண்டு ஸ்க்ரூ. மேலே போட்டது நறுக்கென்று இறங்கி நின்றது. கீழே போட்டது சுற்றிக்கொண்டே இருந்தது. சென்னியப்பன் இன்னொரு சுற்று சுற்றினார், இன்னும் ஒன்று, தலை வரைக்கும் உள்ளே போனது, அதற்கப்புறமும் போனது, வாழைப்பழத்தில் ஊதுபத்தி செருகுகிற மாதிரி சத்தமில்லாமல் போனது. நாற்பது வருஷத்துக்கு மேல் கரூரில் பஸ் பாடி கட்டிய கைக்கு இது என்னவென்று தெரியாமலா போகும். கைக்குத் தெரிந்துவிட்டது, தலைக்குத்தான் இன்னும் தகவல் வந்து சேரவில்லை. தலை காங்கேயம் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தது. மணி ஒன்பதே முக்கால், கருணாம்பிகை இந்நேரம் தன் தங்கச்சி சாரதா வீட்டுப் படியிறங்கியிருப்பாள், பத்து மணி வண்டி, வெயில் எந்தப் பக்கம் விழும் என்று கண்டக்டரைக் கேட்டுவிட்டுத்தான் உட்காருவாள், வெள்ளகோவில், தென்னிலை, பதினொன்றே முக்காலுக்கு பைபாஸ் நிறுத்தம், அங்கிருந்து பத்து நிமிஷ நடை, பன்னிரண்டு மணிக்கு இந்த வண்டிக்குள், இதோ இந்த மூன்றடி அகல இடத்தில், அஞ்சு மாசம் கழித்துத் தன் பெண்டாட்டி நிற்பாள். அதற்குள் ஒரு திரைச்சீலையை மாட்டிவிடலாம், முன்சுவர் ஜன்னல் மொட்டையாக இருக்கிறதே என்றுதான் ஸ்டூல் மேல் ஏறினார். ஸ்க்ரூவை இரண்டு விரலால் பிடித்து இழுத்தார். அது கையோடு வந்தது. அதன் மரையில் கறுப்பாக ஏதோ ஈரமாக ஒட்டியிருந்தது, அவர் அதை முகர்ந்து பார்த்தார்.

இந்த வண்டி பஸ்ஸுமில்லை, காருமில்லை. ஜீப்புக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போகிற, சக்கரம் வைத்த ஒற்றை அறை வீடு. குடும்பத்தோடு காசி வரைக்கும் போய்வர வேண்டும் என்று ஈரோட்டுப் பக்கத்து மில்காரர் ஒருவர் ஆசைப்பட்டுக் கட்டச் சொன்னது. சென்னியப்பன் பட்டறையில் சேர்ந்த வருஷம் அது, பதினேழு வயசு, கூரையேறி முதன்முதலாக ரிவெட் அடித்தது இந்த வண்டியில்தான், அந்த முன்பக்கக் கூரையில்தான். அடித்து முடித்ததும் பெரிய மேஸ்திரி வந்து ரிவெட் வரிசையைக் கட்டை விரலால் நீவிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போனார், அவர் ஒன்றும் சொல்லவில்லை என்றால் வேலை நன்றாக இருக்கிறது என்று அர்த்தம், அன்றைக்கு ராத்திரி சாப்பாடே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். மில்காரர் காசிக்கு ஒரு தடவை போனார், அதோடு சரி. வண்டி மில் கொட்டகையில் பஞ்சு மூட்டைகளுக்கு நடுவில் முப்பது வருஷத்துக்கு மேல் கிடந்து, பழைய இரும்புக்குப் போக இருந்த அன்றைக்கு இவர் போய் நின்றார், இழுத்துக்கொண்டு வந்தார், வீட்டுக்குப் பக்கத்துக் காலி இடத்தில் நிறுத்தினார். ஆறு வருஷம் சும்மா நின்றது. ரிட்டையர் ஆன மறுநாள் சுத்தியலை எடுத்தவர்தான், மூன்று வருஷமாகக் கீழே வைக்கவில்லை. பங்குனியில் ஒரு நாள் கருணாம்பிகை சோறு போட்டுக்கொண்டே சொன்னாள், "இந்த வீட்டுல சுத்தியல் சத்தம் கேக்குது, மனுசச் சத்தம் கேக்கறதில்லீங்க." அவர் ரசத்துக்குக் கை நீட்டினார். "நான் சாரதா வீட்டுக்குப் போறேன். வண்டி முடிஞ்சா ஒரே ஒரு தடவ கூப்புடுங்க. வந்து பாக்கறேன். மனுசன் குடியிருக்கற மாதிரி இருந்தா உங்ககூட வர்றேன், எங்க வேணும்னாலும் கூட்டிட்டுப் போங்க. இல்லீன்னா அங்கயே இருந்துக்கறேன். ரெண்டாந்தடவ கூப்புடாதீங்க." இவ்வளவு நீளமாக அவள் பேசி அவர் கேட்டதில்லை, அல்லது பேசியிருப்பாள், சுத்தியல் சத்தத்தில் கேட்டிருக்காது. நேற்று சாயங்காலம் அந்த ஒரே தடவையைச் செலவழித்தார். போனை எடுத்து, "முடிஞ்சுது" என்றார். "செரி, நாளைக்கு வர்றேன்" என்றாள். நல்லா இருக்கியா என்று கேட்டிருக்கலாம், போனை வைத்த பிறகுதான் தோன்றியது.

முடிஞ்சுது. முடிந்துதான் இருந்தது, சத்தியமாக. இரண்டு பக்கச் சுவரும் பிரித்துப் புதுப் ப்ளைவுட், பின்சுவர் புதுசு, கட்டில், மடக்கு மேஜை, ஒரு அடுப்பு வைக்க எவர்சில்வர் மேடை, எல்லாம் இந்தக் கையால். முன்சுவரை மட்டும் பிரிக்கவில்லை. ஏன் பிரிக்கவில்லை. பட்டறையில் யாராவது இப்படிச் செய்திருந்தால் இவரே முதுகில் ஒன்று வைத்திருப்பார். ஒரு தடவை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார், சத்தம் நன்றாகத்தான் இருந்தது, நம்ம கை வேலைதானே, மேஸ்திரியே ஒன்றும் சொல்லாத வேலைதானே என்று பழைய சுவர் மேலேயே சன்மைகா ஒட்டி அழகு பார்த்துவிட்டார். இப்போது ஸ்டூலிலிருந்து இறங்கி, ஜன்னலுக்குக் கீழே சன்மைகாவின் ஓரத்தில் உளியை வைத்தார். வேண்டாம், மணி பத்து, வேண்டாம், கொக்கியைக் கொஞ்சம் தள்ளி அடித்தால் பிடித்துக்கொள்ளும், திரையைப் போட்டால் ஓட்டை தெரியாது, என்று தலை சொல்லிக்கொண்டிருக்கும்போதே கை உளியைத் தள்ளிவிட்டது. சன்மைகா பொருக்கு உரிகிற மாதிரி ஒரே இழுப்பில் ஒரு முழம் வந்தது. உள்ளே ப்ளைவுட் டீ சிந்திக் காய்ந்த நிறத்தில் இருந்தது, கீழே போகப் போகக் கறுப்பு, அதற்கும் கீழே வெள்ளையாகப் பூசணம், மூன்று நாள் கஞ்சித் தண்ணீர் மாதிரி ஒரு வாடை. சென்னியப்பனுக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. பயம்தான் என்று அவரே முதலில் நினைத்தார். இல்லை, இது பயமில்லை, இதை அவருக்குத் தெரியும், விபத்தான பஸ் பட்டறைக்குள் வந்து நின்றதும் எதுவரைக்கும் அடி வாங்கியிருக்கிறது பார்க்கலாம் என்று முதல் தகட்டைத் தூக்கும்போது வருகிற துடிப்பு இது. வீடு போகப் போகிறது, பெண்டாட்டி போகப் போகிறாள், இந்த மனுஷனுக்குக் கை துறுதுறுக்கிறது. வெட்கமாகத்தான் இருந்தது. இருந்தாலும் அடுத்த முழத்தை உரித்தார்.

எவ்வளவு தூரம். அதுதான் கேள்வி, வேறு கேள்வியே கிடையாது. ப்ளைவுட் போனால் போகட்டும், ஒரு பலகை, மாற்றிவிடலாம். ப்ளைவுட்டுக்குப் பின்னால் நிற்கிற தேக்குச் சட்டம் போயிருந்தால் ஒரு மாசம். சட்டம் கீழே போய் உட்காருகிற அடிக்கட்டை போயிருந்தால், அந்த அடிக்கட்டையில்தானே ஜீப்பில் மாட்டுகிற இழுவைக் கம்பி போல்ட் போட்டு நிற்கிறது, அது போயிருந்தால் வண்டியே இல்லை, தென்னிலை தாண்டுவதற்குள் ஜீப் ஒரு பக்கமும் வீடு ஒரு பக்கமும் போகும். மண்டி போட்டு உட்கார்ந்தார். ஈரமான ப்ளைவுட்டைக் கையால் பிய்த்தார், அடுக்கடுக்காக வந்தது, பழைய நோட்டுப் புத்தகம் மழையில் நனைந்தால் வருமே அப்படி. தரையில் குவித்தார். வெள்ளகோவில் வந்திருக்கும். வெள்ளகோவிலில் வண்டி பத்து நிமிஷம் நிற்கும், அவள் இறங்க மாட்டாள், தண்ணி பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்துவிட்டு மூடுவாள், மூடியை இரண்டு தடவை திருகிப் பார்ப்பாள், எப்பவும் அப்படித்தான், கேஸ் சிலிண்டரையும் இரண்டு தடவை, கதவையும் இரண்டு தடவை. இது அவருக்கு எப்படித் தெரியும், கூட இருந்தபோது பார்த்த மாதிரியே இல்லையே, அஞ்சு மாசமாக வெறும் வீட்டில் உட்கார்ந்திருந்தபோதுதான் ஒவ்வொன்றாக வந்தது. ஸ்க்ரூ டிரைவரை முதல் சட்டத்தில் குத்தினார். அரை விரல் இறங்கியது. இரண்டாவது சட்டம், ஒரு விரல். அய்யோ. மூன்றாவது, டங். டங் என்றது, தேக்கு தேக்காகவே நின்றது, அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஆளில்லாத வண்டிக்குள் மண்டி போட்டு உட்கார்ந்து சிரித்தார். பென்சிலால் அங்கே ஒரு கோடு போட்டார். கோட்டுக்கு அந்தப் பக்கம் உயிர், இந்தப் பக்கம் மக்கல். மக்கிய பக்கத்துக் கோடியில் மூலைச் சட்டம் ஒன்று பாக்கி, அதைக் குத்தக் கை வரவில்லை, அதை அப்புறம் பார்க்கலாம்.

ஆனால் தண்ணி எப்படி வந்தது. சென்னியப்பனுக்கு அது தாங்கவில்லை. ரிவெட் வழியாகவா, இருக்காது, அவருடைய ரிவெட் ஒழுகாது. ஜன்னல் ரப்பரா, அது போன வருஷம் போட்டது, இந்தக் கறுப்பு பல வருஷத்துக் கறுப்பு. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ஸ்டூல் மேல் ஏறி, சுவரும் கூரையும் சேருகிற இடத்தில் பலகையை நெம்பினார். கறை மேலிருந்து நேராக வரவில்லை. கூரையின் முதல் தகடும் இரண்டாவது தகடும் ஒன்றின் மேல் ஒன்று ஏறுகிற இடத்தில் ஆரம்பித்து, உள்பக்கமாக ஊர்ந்து, முன்னால் வந்து இறங்கியிருந்தது. முன்னால் வந்து. தண்ணி பின்னாலிருந்து முன்னால் எப்படி ஓடும். பஸ் கூரையில் தகடு போடும்போது முன்தகட்டின் ஓரம் பின்தகட்டின் மேல் ஏறி உட்கார வேண்டும், ஓடுகிற வண்டியில் காற்றும் மழையும் முன்னாலிருந்து பின்னால் போகும், ஓரத்தைத் தாண்டி வழுக்கிக்கொண்டு போய்விடும், சொட்டுக்கூட உள்ளே வராது. அதைத்தான் மேஸ்திரி சொல்லிக்கொடுத்தார், அதைத்தான் அடித்தார், இதில் தப்பே இல்லை. வண்டி ஓடினால் தப்பில்லை. மில் கொட்டகைக்குள் நின்றால் தப்பில்லை. வெட்டவெளியில் ஒன்பது மழைக்காலம் நின்றால், அதுவும் மூக்கைத் தாழ்த்திக்கொண்டு நின்றால், மேலே பாய் விரித்துப் படுக்க வேண்டும் என்று மில்காரர் கேட்டுக் கூரையைத் தட்டையாக வேறு கட்டியிருந்தால், தண்ணி முன்னால் ஓடி, வாயைத் திறந்துகொண்டிருக்கிற அந்த ஓரத்துக்குள் நேராகப் போகாதா. போகும். டார்ச் வாயிலிருந்து நழுவி விழுந்தது. மூக்கைத் தாழ்த்தியது யார்.

தாழ்த்தியது அவர்தான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், வண்டியை இழுத்து வந்து நிறுத்திய அன்றைக்கு, கருணாம்பிகை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தாள். அவருக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் அவள் முகம் சுளிக்கவில்லை. "வீடுன்னா ஈசானி மூலை தாழ இருக்கோணுமுங்க" என்றாள். வண்டியின் மூக்கு வடகிழக்கைப் பார்த்துத்தான் நின்றது. வண்டிக்கு ஏது ஈசானி மூலை, இன்றைக்கு வடகிழக்கைப் பார்க்கும், நாளைக்கு ராமேஸ்வரத்தில் தென்கிழக்கைப் பார்த்து நிற்கும், சக்கரம் வைத்ததற்கு வாஸ்து பார்த்தால் ஊர் சிரிக்கும். இவர் சிரிக்கவில்லை. ஜாக்கியைப் போட்டு, மூக்குக்குக் கீழிருந்த செங்கல்லில் மூன்றை உருவினார், வண்டி கும்பிடு போடுகிற மாதிரித் தலை குனிந்து நின்றது. அவள் பார்த்துவிட்டு, "ம்" என்று தலையாட்டி உள்ளே போனாள். தகட்டின் ஓரம் எந்தப் பக்கம் என்று அந்த நிமிஷம் அவருக்குத் தெரியாதா. தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். தெரிந்த மனுஷன் ஏன் உருவினார். அங்கே வந்து மனசு முள்ளில் வேட்டி மாட்டிய மாதிரி நின்றது, இழுத்தால் கிழியும், விட்டால் போகாது. பதினொன்றேகால். தென்னிலை.

மூலையில் சாத்தி வைத்திருந்த புதுச் சன்மைகா பலகையைப் பார்த்தார். உபரியாக வெட்டியது, முன்சுவர் முழுதுக்கும் போதும். எட்டு ஸ்க்ரூ, மூன்றாவது சட்டத்திலும் உயிருள்ள அந்தக் கோடியிலும் பிடிக்க வைத்தால் நிற்கும், பத்து நிமிஷம், குப்பையை ஒரு சாக்கில் அள்ளி மாட்டாஸ்பத்திரிக்குப் பின்னால் கொட்டினால் இன்னும் பத்து நிமிஷம், ஒரு ஊதுபத்தி கொளுத்தினால் வாடையும் இருக்காது. அவள் வருவாள், பார்ப்பாள், பளபளவென்று இருக்கும், பெட்டியை எடுத்துவரச் சொல்லலாம், அப்புறம் நிதானமாக, அவள் கோயிலுக்குப் போகிற நேரம் பார்த்து உள்ளே சரி செய்யலாம். அவர் பலகையைத் தூக்கி வைத்துப் பார்த்தார். நூல் பிடித்த மாதிரி உட்கார்ந்தது. இப்படி உட்காரும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை. முதல் ஸ்க்ரூவை வைத்து இரண்டு சுற்று சுற்றினார். நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது. மூடு. மூடிவிட்டு, வா என்று சொல், பழையபடி ரசத்துக்குக் கை நீட்டு. ஆனால் இதை யாரிடம் சொல்வது, தகட்டின் ஓரம் சரி, மூக்கைத் தாழ்த்தி நின்றதும் சரி, இரண்டும் தனித்தனியாகச் சரி, சேர்ந்தால் தப்பு, இப்படி ஒன்றை நாற்பது வருஷத்தில் அவர் பார்த்ததில்லையே, இதை மூடிவிட்டால் யாரிடம் போய்ச் சொல்வது. மேஸ்திரி செத்துப் பல வருஷம் ஆகிறது. பட்டறையில் இப்போது மரச் சட்டமே கிடையாது, எல்லாம் இரும்பு. உலகத்தில் இதை உட்கார்ந்து கேட்கக்கூடிய ஒரே ஆள் இந்நேரம் பைபாஸ் நிறுத்தத்தில் இறங்கிக்கொண்டிருக்கிறாள். நல்ல புத்தி வந்தது என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம், சொல்லாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். ஸ்க்ரூவைத் திருப்பிக் கழற்றினார். பலகையைக் கட்டில் மேல் போட்டார். உளியை எடுத்து, மிச்சமிருந்ததையும் உரிக்க ஆரம்பித்தார்.

படி கிறீச்சிட்டது. கருணாம்பிகை வாசலில் நின்றாள், நெற்றியில் வியர்வை, கையில் சோற்றுத் தூக்குப்போசி. உள்ளே முன்சுவர் என்று ஒன்று இல்லை, எலும்பெலும்பாகச் சட்டங்கள், பின்னால் அலுமினியத் தகட்டின் முதுகு, தரையெல்லாம் கறுப்புக் குப்பை, நடுவில் தலையெல்லாம் தூசியோடு அவர்.

"முடிஞ்சுதுன்னீங்க" என்றாள்.

"இங்க வா, இங்க வா" என்றார் சென்னியப்பன். வந்தியா, வெயிலா, என்று கேட்க வேண்டும் என்பதெல்லாம் பறந்து போய்விட்டது. "இதப் பாரு. இந்தக் கறை எங்கிருந்து வருது பாரு. மேலிருந்து வரலை. பின்னாலிருந்து முன்னால வருது. ஏன்னு கேளு."

அவள் கேட்கவில்லை. தூக்குப்போசியைக் கட்டில் மேல் வைத்தாள். அவர் தன் இரண்டு உள்ளங்கையையும் ஒன்றின் மேல் ஒன்று ஏற்றிக் காட்டினார், இது முன்தகடு, இது பின்தகடு, வண்டி ஓடினா மழை இப்பிடிப் போகும், என்று ஊதிக் காட்டினார். கையைச் சாய்த்தார், மூக்கு தாழ்ந்தா இப்பிடி வரும், நேரா உள்ள, ஒன்பது வருஷம், என்றார். மூன்றாவது சட்டத்தைத் தட்டி, டங்குங்குது பாரு, இது வரைக்கும்தான் போயிருக்குது என்றார். பேசிக்கொண்டே போனார். நடுவில் மூச்சு வாங்கியபோதுதான், அவள் சட்டத்தைப் பார்க்கவில்லை, தன் வாயைப் பார்க்கிறாள் என்று தெரிந்தது.

"அப்ப மூக்கத் தாழ்த்தச் சொன்னது நானு" என்றாள்.

"நீ சொன்னே. தாழ்த்துனது நானு."

"தகடு எந்தப் பக்கம் இருக்குதுன்னு உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"தெரியும்."

"தண்ணி போகும்னு தெரியாதா?"

"யோசிச்சிருந்தாத் தெரிஞ்சிருக்கும்."

"அப்பறம் ஏனுங்க செஞ்சீங்க?"

அதே முள், அதே இடம். இந்தத் தடவை இழுத்துவிட்டார். கிழிந்தால் கிழியட்டும்.

"நீ ஒண்ணு கேட்டே" என்றார். "இந்த வண்டியப் பத்தி அதுக்கு முன்னால நீ ஒண்ணும் கேட்டதில்ல. வீடுன்னு வேற சொன்னே. வண்டிங்காம வீடுன்னே. அந்த சந்தோசத்துல தகடாவது ஒண்ணாவது. மூணு கல்ல உருவிட்டேன்."

வெளியே நெடுஞ்சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. மூலைச் சட்டம் ஒன்று இருக்கிறது, அதை இன்னும் குத்திப் பார்க்கவில்லை, அது போயிருந்தால் அடிக்கட்டையும் போயிருக்கும், வண்டி தேறாது என்பதையும் அவர் சொல்லிவிட்டார், சொல்ல வேண்டியதில் அது ஒன்றுதான் பாக்கி இருந்தது. "நான் இன்னிக்குக் காலையிலதான் பாத்தேன். மூடப் பாத்தேன். பலகையத் தூக்கி வெச்சும் பாத்தேன்" என்று கட்டிலைக் காட்டினார். தன்னுடைய ஒரே தடவை முடிந்துபோயிற்று என்று அவருக்குத் தெரியும். அதற்காகப் பேச்சு நிற்கவில்லை என்பதுதான் அவருக்கே ஆச்சரியம்.

கைப்பைக்குள் போன் அடித்தது. கருணாம்பிகை எடுத்தாள்.

"ம், வந்துட்டேன் சாரதா. இல்ல, ஊறிப் போய்க் கெடக்குது. முன்னால சுவரே இல்ல. தேறுமான்னு அவருக்கே தெரியலை." அந்தப் பக்கம் தங்கச்சி நீளமாகப் பேசினாள், கிளம்பி வா என்கிற வார்த்தை அவர் காதுக்கும் கேட்டது. கருணாம்பிகை சட்டங்களை ஒருமுறை பார்த்தாள், தூசி படிந்த அவர் தலையைப் பார்த்தாள். "இரு சாரதா" என்றாள். "இந்த மனுசன் இப்பத்தான் பேச ஆரம்பிச்சிருக்காரு. முழுசாக் கேட்டுக்கறேன்."

போனை வைத்துவிட்டுக் கட்டிலின் ஓரத்தில், சன்மைகா பலகையைத் தள்ளிவிட்டு, உட்கார்ந்தாள். சென்னியப்பன் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு மூலைச் சட்டத்துக்குப் பக்கத்தில் மண்டி போட்டார்.

"இந்தக் கட்டை இருக்குது பாரு, இதக் குத்தறதுக்கு எனக்குப் பயமா இருக்குது. ஏன்னா..." என்று ஆரம்பித்தார்.